2.53: கெர்ஷா விடைபெற்றபோது கவனம் பெறாத எண்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் என்ற ஒரே அணிக்காக 18 பருவங்கள் ஆடிய இடக்கைப் பந்துவீச்சாளர் கிளேட்டன் கெர்ஷா, 2025 பருவத்துடன் ஓய்வு பெற்றார். அவரை வழியனுப்பிய செய்திகளில் இரண்டு விஷயங்களே மேலோங்கி நின்றன. ஒன்று, 2025 ஜூலை 2-ஆம் தேதி அவர் எட்டிய 3,000-ஆவது ஸ்டிரைக் அவுட். மற்றொன்று, பிளே-ஆஃப் ஆட்டங்களில் அவர் கண்ட சறுக்கல்கள். இவற்றுக்கு நடுவே 2.53 என்ற எண் போகிற போக்கில் சொல்லப்பட்டதோடு சரி.

அதுதான் அவரது ஈ.ஆர்.ஏ. எனப்படும் பந்துவீச்சு சராசரி. கிரிக்கெட்டில் ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் என்று கணக்கிடுகிறோம். பேஸ்பாலில் 9 இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்று பார்க்கிறார்கள். ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்கள் இதில் சேர்வதில்லை. கெர்ஷா ஆடிய காலத்தில் லீக்கின் பொதுச் சராசரி 4 ரன்களை ஒட்டியே இருந்தது.

பந்தில் எச்சில் தடவி வீசுவதற்குத் தடை வந்த 1920-ஆம் ஆண்டை, மட்டையாளர்கள் கை ஓங்கத் தொடங்கிய காலத்தின் எல்லைக்கோடாகக் கொள்வது வழக்கம். அதன் பிறகு 1,500 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய தொடக்கப் பந்துவீச்சாளர்களில் எவருக்கும் கெர்ஷாவைவிடக் குறைந்த சராசரி இல்லை. ஓய்வு பெற்றவர்களில் அவருக்கு அடுத்து வரும் வைட்டி ஃபோர்டின் சராசரி 2.75, சாண்டி கோஃபாக்ஸின் சராசரி 2.76. இன்றும் ஆடிவரும் ஜேக்கப் டிகிராம் நெருங்கி நிற்கிறார். ஆனால் அவர் வீசியிருப்பது கெர்ஷாவின் 2,855 இன்னிங்ஸில் பாதியைச் சற்றே தாண்டும்.

கோஃபாக்ஸுடனான ஒப்பீடு சற்று விரித்துப் பார்க்கத் தக்கது. இருவரும் ஒரே அணி, இருவரும் இடக்கையர். ஆனால் கோஃபாக்ஸ் உச்சத்தில் இருந்த 1960-களில் பந்துவீசும் மேடு 15 அங்குல உயரம் கொண்டது. பந்துவீச்சாளர்களுக்குப் பெருத்த சாதகம். 1968 பருவத்துக்குப் பின் அது 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. கெர்ஷா வீசியது முழுக்க அந்தத் தாழ்ந்த மேட்டிலிருந்துதான். மேலும், கோஃபாக்ஸ் 30 வயதில், உச்சத்திலேயே விலகிவிட்டார். கெர்ஷாவோ 37 வயது வரை ஆடினார். நீண்ட காலம் ஆடும் வீரரின் சராசரியைக் கடைசி ஆண்டுகள் கெடுத்துவிடுவதே இயல்பு.

அது ஏன் இங்கு நிகழவில்லை? 2011 முதல் 2014 வரை தொடர்ந்து நான்கு பருவங்கள் இரு லீக்குகளிலும் சேர்த்து மிகக் குறைந்த சராசரி அவருடையதுதான். 2015-க்குப் பின் ஒரு பருவத்தில்கூட அவரால் 200 இன்னிங்ஸ் வீச முடியவில்லை. முதுகு, தோள், கால் என்று காயங்கள் தொடர்ந்தன. வேகம் மணிக்கு 90 மைல் அளவுக்கு இறங்கியது. ஆனாலும் 2022-இல் 2.28, 2023-இல் 2.46 என்று சராசரி நின்றது. கடைசிப் பருவத்திலும் 11 வெற்றி, 2 தோல்வி. இளமையில் வேகத்தால் சாதித்ததைப் பிற்காலத்தில் ஸ்லைடராலும் துல்லியத்தாலும் சாதித்தார் என்பதே சரியான கணிப்பாக இருக்கும்.

டாட்ஜர் மைதானம் பந்துவீச்சாளர்களுக்கு உதவும் என்ற வாதம் உண்டு. அதை முற்றிலும் மறுக்க இயலாது. ஆனால் கோஃபாக்ஸும் 1962 முதல் வீசியது அங்கேதான்.

பிளே-ஆஃப் குறையும் உண்மையே. அங்கே அவரது சராசரி 4-க்கு மேல். 2019-இல் வாஷிங்டனுக்கு எதிராக அடுத்தடுத்து இரு ஹோம் ரன்களை விட்டுக்கொடுத்ததை ரசிகர்கள் மறக்கவில்லை. ஆனால் 2017 உலகத் தொடரில் அவரைச் சாய்த்த ஹூஸ்டன் அணி அந்தப் பருவத்தில் எதிரணியின் சைகைகளைக் கேமரா மூலம் திருடியது பின்னர் லீக்கின் விசாரணையில் உறுதியானது என்பதையும், 2020 உலகத் தொடரில் இரண்டு ஆட்டங்களை அவர் வென்றுகொடுத்தார் என்பதையும் அதே மூச்சில் சொல்பவர் குறைவு.

2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் நீண்டது. 12-ஆவது இன்னிங்ஸில், மூன்று பேஸ்களிலும் எதிரணி வீரர்கள் நின்றிருக்க, கெர்ஷா அழைக்கப்பட்டார். சந்தித்தது ஒரே மட்டையாளரை, ரன் போகவில்லை. டாட்ஜர்ஸ் அந்த ஆட்டத்தையும், பின்னர் கோப்பையையும் வென்றது. ஹால் ஆஃப் ஃபேம் வாக்குப்பட்டியலில் அவரது பெயர் 2031-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு வரும்.