பயறு விதை தருக!

ஒரகடத்து ஆலைகளுக்குச் சிப்காட் மூலம் நிலம் தேடித் தந்தது அரசு, வரவேற்கிறோம். மானாவாரிச் சோளக்காட்டைச் சுடுமல்லி உறிஞ்சுகிறதே, அந்த உழவனுக்கு என்ன தந்தது?

வேரில் ஒட்டி உயிர்குடிக்கும் அந்தக் களையின் விதை, பல்லாண்டு மண்ணில் உறங்கும். சோளவேரின் கசிவு பட்டதும் விழிக்கும். தட்டைப்பயற்றின் வேரும் அதை எழுப்பும். ஆனால் உணவு தராது. எழுந்த களை பட்டினியால் மடியும்! நிலத்துக்குத் தழைச்சத்தும் சேரும். ஒரே பருவத்தில் தீராது. தொடர்ந்து விதைத்தால் தேயும்.

கென்யாவில் 1990களில் தொடங்கி, மக்காச்சோளத்திடையே டெஸ்மோடியம் என்னும் பயறினச் செடியை வளர்த்து இக்குலக் களையை அடக்கி வருகின்றனர். அதில் முன்னின்றவர் இந்தியாவில் பிறந்த ஸெயாவுர் கான்.

அங்கே முடிந்தது இங்கே முடியாதா? களைக்கொல்லிக்குக் கடன்படும் உழவனுக்கு, விதைப்புக்கு முன்பே கூட்டுறவுச் சங்கம் மூலம் பயறு விதை வழங்குக என வலியுறுத்துகிறோம்!