ஊமைக்காயம்

புண்ணுக்குப் பெயரிட்டுப் போற்றிய மொழி தமிழ். மார்பில் பட்டால் விழுப்புண்; முதுகில் பட்டால் புறப்புண். முன்னது பெருமை, பின்னது பழி. விழுப்புண் படாமல் கழிந்த நாட்களை வீணில் கழிந்தவையாக எண்ணும் மறவனைத் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் காண்கிறோம். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற பெருஞ்சேரலாதன், தன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்ததைப் புறநானூறு பேசுகிறது. இவற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். மாணவர்களும் ஆர்வமாகவே கேட்கிறார்கள்.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது புண் ஒன்று உண்டு. தோல் கிழியாமல், ரத்தம் சிந்தாமல், உள்ளே படுகிற அடி அது. ஊர் வழக்கில் அதற்கு 'ஊமைக்காயம்' என்று பெயர். தலையில் படும் அத்தகைய காயம் ஒன்றைக் குறித்தே இக்கட்டுரை. மருத்துவர்கள் அதைக் 'கன்கஷன்' என்கிறார்கள். தமிழில் 'மூளையதிர்ச்சி' என்று எழுதி வருகிறோம். இலக்கியம் படிக்கும் நண்பர்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். எழுதக் காரணம் உண்டு. அது நமக்குப் பெருமை தரும் காரணமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணிபுரியும் கல்லூரியில் துறைகளுக்கிடையிலான கபடிப் போட்டி நடந்தது. எம் துறையின் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் பாடிச் சென்றபோது, பிடிக்க வந்தவனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் மோதியது. விழுந்தவன் சில நொடிகள் அசையவில்லை. பிறகு எழுந்தான், தள்ளாடினான், தலையை உதறிக்கொண்டான். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், யாரோ சோடா கொடுத்தார்கள். ரத்தம் இல்லை. "ஒண்ணுமில்ல சார்" என்றான். அவன் மீண்டும் களமிறங்கியபோது நாம் எழுந்து நின்று கைதட்டினோம். பக்கத்திலிருந்த சக ஆசிரியரிடம் விழுப்புண்ணைப் பற்றி ஒரு வாக்கியமும் உதிர்த்தோம்.

மறுநாள் வகுப்பில் அவன் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டான். வகுப்பு சிரித்தது. நாமும் நம் பங்குக்கு ஒரு கேலியைச் சேர்த்தோம். அடுத்த வாரத் தேர்வில் அரைப்பக்கம் எழுதிவிட்டு விடைத்தாளைக் கொடுத்துவிட்டான். எழுத்துகள் ஆடுகின்றன, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அவன் சொன்னதைச் சாக்குப்போக்கு என்று கொண்டு, தந்தையை அழைத்துவரச் சொன்னோம். கட்டட வேலைக்குப் போகிறவர் அவர். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார். "ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சுங்கய்யா. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஆனா பையன் பழைய பையனா இல்லீங்க."

நோயை இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. நாம்தான் அதைச் செவிமடுக்கவில்லை.

மூளையதிர்ச்சி என்றால் என்ன? தலையிலோ கழுத்திலோ உடலின் வேறு பகுதியிலோ படும் விசை மூளைக்குக் கடத்தப்படும்போது, மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குகிறது. அதன் இழைகள் இழுபடுகின்றன. நரம்பணுக்களின் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறுகிறது, வெளியிலிருக்கும் கால்சியம் உட்புகுகிறது. இந்தச் சீர்குலைவைச் சரிசெய்ய அணுக்களுக்குப் பெரும் ஆற்றல் தேவைப்படுகிறது. ஆனால் அதே வேளையில் மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான். கட்டமைப்பில் பெரிய சேதம் இல்லாததால் வழக்கமான ஸ்கேன் படத்தில் இது தெரிவதில்லை. ஸ்கேன் தேடுவது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். அவை இல்லை என்பது பெரிய ஆறுதல். காயமே இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

நினைவு தப்பினால்தான் மூளையதிர்ச்சி என்ற எண்ணமும் தவறானது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், மங்கிய பார்வை, ஒளியையும் ஓசையையும் பொறுக்க இயலாமை, கேட்டதையே மீண்டும் கேட்டல், விடை சொல்லத் தாமதித்தல், காரணமற்ற எரிச்சல் அல்லது அழுகை, தூக்கக் குலைவு, மூடுபனிக்குள் நடப்பது போன்ற மந்தம் ஆகியவையே இதன் அடையாளங்கள். இவற்றுள் பல உடனே தோன்றாமல், சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ தலைகாட்டும்.

கிரிக்கெட் பார்க்கும் நண்பர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. அப்போது அவர் 80 ரன்கள் எடுத்திருந்தார். வெளியேறிச் சென்றவர் பரிசோதனைகளில் தேறி, அன்றே மீண்டும் ஆடவந்து 92இல் ஆட்டமிழந்தார். மறுநாள் காலையில்தான் அவருக்கு மந்தமும் தலைவலியும் தெரிந்தன. ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டு, அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் களமிறங்கினார். மூளையதிர்ச்சிக்கு மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கும் விதி அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு இறங்கிய முதல் மாற்று ஆட்டக்காரர் லபுஷேனே. ஸ்மித் அடுத்த டெஸ்டையும் ஆடவில்லை. அதற்கடுத்த டெஸ்டில் ஓல்டு டிராஃபோர்டில் 211 ரன்கள் எடுத்தார். ஒதுங்கி நின்றதால் அவருடைய ஆண்மைக்கோ புகழுக்கோ இழுக்கேதும் நேர்ந்துவிடவில்லை. இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மருத்துவர்கள் சூழ இருந்த களத்திலேயே முதல்நாள் பரிசோதனையை இக்காயம் கடந்துவிட்டது. நம் ஊர் மைதானத்தில் ஒரு சோடாவும் "ஒண்ணுமில்ல" என்ற ஒரு சொல்லும் போதுமானவை என்று எப்படி நம்பினோம்?

ஐயம் எழுந்தால் அன்று ஆட்டம் இல்லை: இதுவே முதல் விதி. அமெரிக்காவில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிபட்டதும் வெளியேறிய இளம் ஆட்டக்காரர்கள் தேற எடுத்துக்கொண்டது சராசரியாக 22 நாட்கள். தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாட்கள். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி பட்டால், அரிதாகவேனும் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் தலையில் அடிபட்டபின் அதே ஆட்டத்தில் மீண்டும் இறக்கப்பட்டு, நிலைகுலைந்து விழுந்து, நீங்காத பாதிப்புக்கு ஆளானான். அவன் பெயரால் 2009இல் அம்மாநிலம் இயற்றிய லிஸ்டெட் சட்டம், மருத்துவத் துறையினரின் எழுத்துமூல ஒப்புதலின்றி அடிபட்ட மாணவனைக் களமிறக்கக் கூடாது என்றது. 2014க்குள் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றிவிட்டன.

அடுத்து, முதல் இரவு. புண்பட்ட வீரனின் மனையில் இரவமும் வேப்பிலையும் செருகி, ஐயவி சிதறி, மணியடித்து, காஞ்சிப்பண் பாடிப் பெண்கள் காவலிருப்பதைப் புறநானூற்றில் அரிசில்கிழார் காட்டுகிறார். பேய் அண்டாமலிருக்கச் செய்த காவல் என்று உரை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பேயை விட்டுவிடலாம்; காவல் தேவையானது. அடிபட்டவரை முதல் நாள் தனியே விடக்கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, கண்பாவைகளின் அளவு ஒன்றுக்கொன்று வேறுபடுதல், எழுப்பினாலும் எழாத அயர்வு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அது மூளையதிர்ச்சியைக் கடந்த ஆபத்து; உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். உடனே 108ஐ அழைக்க வேண்டும். மருத்துவர் பார்த்து, இத்தகைய அறிகுறிகள் இல்லை என்று உறுதி செய்தபின், தூங்கவே விடக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வதைப் பின்பற்ற வேண்டியதில்லை. மூளைக்கு அப்போது தூக்கம் தேவை.

இனி நாம் முதன்மையாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறோம். காயத்தை அலட்சியம் செய்வது ஒரு பிழை என்றால், அடையாளம் கண்டபின் நோயாளியை இருட்டறையில் கிடத்திவிடுவது இன்னொரு பிழை. எம் மாணவன் இரண்டுக்கும் ஆளானான். 'ஓய்வு' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்ட பெற்றோர், சன்னலை மூடி, செல்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, நண்பர்களையும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஏறத்தாழ மூன்று மாதம் அவன் அப்படிக் கிடந்தான். தலைவலி போகவில்லை, அதனோடு சோர்வும் அச்சமும் சேர்ந்துகொண்டன. ஒரு பருவத் தேர்வு போயிற்று.

அவர்களைக் குறைசொல்ல இயலாது. மருத்துவ உலகமே நெடுங்காலம் அவ்வாறுதான் சொல்லிவந்தது. பின்னர் அது தன்னைத் திருத்திக்கொண்டது. 2015இல் விஸ்கான்சினில் நடந்த ஆய்வில், ஐந்து நாள் முழு ஓய்வில் வைக்கப்பட்ட இளையோர், ஓரிரு நாள் ஓய்ந்துவிட்டு மெல்ல இயங்கத் தொடங்கியவர்களைவிடக் கூடுதலான தொந்தரவுகளைத் தெரிவித்தனர். 2019இல் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லெடியின் குழுவினர் 103 பதின்வயதினரை இரு பிரிவாக்கினர். அளவான நடையோ நிலைமிதிவண்டிப் பயிற்சியோ செய்தவர்கள் 13 நாட்களில் தேறினர்; கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாட்கள் ஆயின. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு வல்லுநர்கள் அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கை இதையே நெறியாக்கியது. முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு. வீட்டுக்குள் நடமாடலாம், திரை பார்ப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் நடை, பிறகு சற்று விரைந்த பயிற்சி. பயிற்சியின்போது தொந்தரவு இலேசாக ஏறி இறங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. மிகுந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். தலைசுற்றலுக்கும் கழுத்துவலிக்கும் தனித்தனி இயன்முறைப் பயிற்சிகள் உண்டு. விளையாட்டுக்குத் திரும்ப ஆறு படிகள். படிக்கு ஒரு நாளேனும் ஆக வேண்டும். மோதல் நேரக்கூடிய பயிற்சிக்கு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

அந்த நெறியில் நம் போன்றோர் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. முழுமையாக ஆட்டத்துக்குத் திரும்புமுன் முழுமையாகப் படிப்புக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆகவே இது உடற்கல்வி ஆசிரியரின் தலையில் மட்டும் கட்டிவிடக்கூடிய பொறுப்பன்று. அரைநாள் வகுப்பு, இடையிடையே ஓய்வு, சன்னலுக்கு எதிர்ப்புற இருக்கை, தேர்வுக்குக் கூடுதல் நேரம், குறிப்புகளை நண்பனிடமிருந்து பெற்றுக்கொள்ளும் அனுமதி: இவற்றுக்குப் பணச்செலவில்லை, மருந்துச் சீட்டும் தேவையில்லை. கால் முறிந்து கட்டுப்போட்டு வரும் மாணவனுக்கு நாம் கேட்காமலே தரைத்தள வகுப்பறை ஒதுக்குகிறோம். மூளைக்குக் கட்டுப்போட முடிவதில்லை. அதனால் அவனைச் சோம்பேறி என்கிறோம்.

தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு சொல்லாய்வும் செய்துவிடுகிறோம். 'மூளையதிர்ச்சி' என்ற சொல்லை 'மூளையதிர்வு' என்று மாற்றிக்கொண்டால் நலம். 'அதிர்ச்சி' என்பது இன்றைய பேச்சில் கெட்ட செய்தி கேட்டவனின் நிலையைக் குறிக்கிறது. பையனுக்கு அதிர்ச்சி என்றால், பயந்துவிட்டான், மந்திரித்துவிட்டால் சரியாகும் என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். அதிர்வு என்றால் அடிபட்டிருக்கிறது என்பது விளங்கும்.

எம் மாணவனை அரசு மருத்துவமனை நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் பிறகு காட்டினார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இன்னும் படுத்திருக்கே?" என்பதுதானாம். நாளொன்றுக்குப் பத்து நிமிட நடையில் தொடங்கச் சொன்னார். வாரக்கணக்கில் அதைக் கூட்டிக்கொண்டே போய், ஓராண்டு பின்தங்கினாலும் பட்டம் பெற்றுவிட்டான்.

சான்றிதழ் வாங்க வந்த அன்று எம் அறைக்கும் வந்தான். அன்றைய கேலிக்கு வருத்தம் தெரிவித்தோம். அது அவனுக்கு நினைவில்லை. சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னான்: "விழுந்து எந்திரிச்சதும் வெளிய போயிரலாம்னுதான் சார் நெனச்சேன். நீங்கல்லாம் கை தட்டுனது கேட்டுச்சு."