சீட்டில் இல்லாத பெயர்கள்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்து திருப்பாலைவனத்தைத் தாண்டும்போது காற்று மாறிவிடும். அதுவரை வயல் வாசனை. அதற்கப்புறம் உப்பும் சேறும் மீனும் கலந்த வாசனை. போன வாரம் திருப்பாலைவனத்தில் இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், கோட்டைக்குப்பத்துக்காரர், வெறும் பிளாஸ்டிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். "இன்னைக்குப் பாடு எப்படிங்க?" என்றேன். மீன் வரத்தை விசாரிப்பதாக என் நினைப்பு. அவர் வேறு பதில் சொன்னார்: "இன்னைக்கு எங்க பாடு இல்லம்மா. நம்ம பாடு இல்லன்னா, இறால் கால்ல வந்து முட்டினாலும் வலை எறக்கக் கூடாது."

பாடு என்றால் உழைப்பு, பாடு என்றால் கிடைத்த மீன். பழவேற்காடு ஏரியில் அதற்கு மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு. இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னாருக்கு மீன்பிடிக்கும் முறை என்பதும் பாடுதான். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் தலைமுறை தலைமுறையாக இந்த முறையை வைத்து நடத்திவருகின்றன. கடலில் பிறக்கும் இறால் குஞ்சாக ஏரிக்குள் நுழைந்து, வளர்ந்து, திரும்பவும் கடலுக்குப் போகும். தண்ணீர் வற்றி வெளியே இழுக்கும் நேரத்தில் முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளில் கழி நட்டுச் சுத்துவலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். ஆனால் அப்படிப்பட்ட நல்ல இடங்கள் ஏரியில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் அடிதடியில்தான் முடியும். அதனால் ஊர் கூடித் தலைக்கட்டு எண்ணி, சீட்டு எடுத்து, இடத்தையும் நாளையும் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல ஓடை கிடைத்தவருக்கு அடுத்த முறை மோசமான ஓடை வரலாம். அதை யாரும் குறை சொல்வதில்லை. சீட்டில் வந்தது வந்ததுதான்.

பொதுச் சொத்தை ஒன்று அரசு காக்க வேண்டும், இல்லை தனியாருக்குக் கொடுத்துவிட வேண்டும், மக்களிடம் விட்டால் அழித்துவிடுவார்கள் என்று பொருளியலில் நெடுநாள் ஒரு நம்பிக்கை இருந்தது. எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணி 1990இல் எழுதிய புத்தகம் அந்த நம்பிக்கையை உடைத்தது. 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று துருக்கியின் அலன்யா கடற்கரை. அங்கும் மீனவர்கள் பெயர்ப் பட்டியல் போட்டுச் சீட்டெடுத்து, நாள்தோறும் இடம் மாறி வலை போட்டார்கள். அதைப் படித்தபோது நம் கோட்டைக்குப்பத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் இதே போன்ற கட்டுவலை முறை இருக்கிறது. அங்கே மீனவர் சங்கங்கள் சீட்டு எடுக்கின்றன. அந்த வழக்கத்தை அரசு 1958இல் மீன்பிடி ஒழுங்குவிதியாகவே எழுதிவைத்தது. அதனால் தகராறு வந்தால் காட்டுவதற்கு மீனவரிடம் ஒரு காகிதம் உண்டு. பழவேற்காட்டுப் பாட்டுக்கு அப்படி ஒரு காகிதம் இல்லை. ஊர்க்கூட்டத்தில் பேசித் தீராத சண்டை காவல் நிலையத்துக்கும் பொன்னேரிக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும்தான் போகிறது. அங்கே நடக்கும் சமரசப் பேச்சு அடுத்த சண்டை வரைக்கும் தாங்கும்.

ஏரியில் யாருக்கு என்ன அதிகாரம் என்று விசாரித்தால் தலை சுற்றுகிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், சிறுபகுதி நம்மிடம். நம் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே பூநாரை நிற்கும் தண்ணீர் வனத் துறையின் பொறுப்பு. அதே தண்ணீரில் ஓடும் மீன் மீன்வளத் துறையின் பொறுப்பு. முகத்துவார மணல் நீர்வளத் துறையைச் சேர்ந்தது, கரை நிலம் வருவாய்த் துறையைச் சேர்ந்தது. கோடையில் முகத்துவாரம் தூர்ந்தால் கடலுக்கும் ஏரிக்கும் போக்குவரத்து நின்றுவிடும், இறாலும் நின்றுவிடும். அப்போதெல்லாம் மீனவர்களே பணம் போட்டு மண்ணை வெட்டி வழி திறந்திருக்கிறார்கள். பின்னர் நிரந்தரமாகத் திறந்துவைக்க இருபுறமும் சுவர் எழுப்பும் திட்டத்துக்கு அரசு சுமார் 27 கோடி ரூபாய் ஒதுக்கியது. மீனவர்கள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்றது அது.

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அதை 6,111 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்தின் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. கடலோர மணல் நகர்ந்து ஏரியின் வாய் என்னாகுமோ என்பது குப்பத்து மக்களின் பயம். அந்தப் பயத்தை நான் நூறு சதம் பகிர்ந்துகொள்கிறேன். ஆனால் இந்த வாரம் அதைவிடச் சிறியதாகத் தெரியும் ஒரு விஷயத்தைச் சொல்ல வந்தேன்.

கரையில் ஓர் இருளர் பெண்மணியைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். ஓலையில் பின்னிய பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். இரண்டு கைகளும் தண்ணீருக்குள்ளே இருப்பதால் பறியைப் பிடிக்க வாய்தான் மிச்சம். இறால் அகப்பட்டதும் கையைத் தூக்குவார், வாயருகே கொண்டுபோய்ப் பறிக்குள் போடுவார், மறுபடி குனிவார். பேச முடியாது. கரையேறிப் பறியை இறக்கிய பிறகுதான் அவர் குரலையே கேட்டேன். "தண்ணி வத்துற நேரம் பாத்து எறங்குவோம். சிப்பி கிழிக்கும், கெளுத்தி குத்தும். என்ன பண்றதும்மா." விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஆள்காட்டி விரலில் ஒரு பழைய துணிக்கட்டு. பறிக்குள் இரண்டு கைப்பிடி இறால் இருக்கலாம்.

"பாட்டுல உங்க பேர் இருக்கா?" என்றேன். அவர் சிரித்தார். "எங்களுக்கு ஏதும்மா பாடு?"

பாட்டின் அழகைப் புகழ்கிறவர்கள் இந்தச் சிரிப்பையும் கேட்க வேண்டும். தலைக்கட்டு என்பது பட்டினவர் என்ற மீனவச் சமூகத்துக் குடும்பத் தலைவர்களின் கணக்கு. கணவனை இழந்தவர், இருளர், தலித் மீனவர், பின்னால் இந்தத் தொழிலுக்கு வந்தவர் யாரும் அந்தக் கணக்கில் வரவில்லை. இறால் ஏற்றுமதியில் காசு புரளத் தொடங்கிய பிறகு ஏரிக்குள் இறங்கும் ஆட்கள் கூடினார்கள், சண்டையும் கூடியது. பாட்டுக்காரர்களைச் சாதிவெறியர்கள் என்று ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவர்கள் காத்திராவிட்டால் அந்த ஓடைகளில் இன்று பங்கு கேட்க எதுவும் மிஞ்சியிருக்காது. இருந்தாலும், ஏரி பொது என்றால் அதன் பட்டியலும் பொதுவாக இருக்க வேண்டாமா?

இதைப் பேச ஓர் இடம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளுக்குத் தரக்கூடிய 29 பொருள்களைப் பதினோராவது அட்டவணையில் எழுதினார்கள். அதில் ஐந்தாவது மீன்வளம். 2002இன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் எந்த ஓடையில் எந்த மீன் எந்த மாதம், யார் எந்த முறையில் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் ஏறலாம். சுத்துவலை ஏறட்டும், பல்லால் கடிக்கும் பறியும் ஏறட்டும். பாட்டு முறையை எழுத்தில் கொண்டுவருவதும், கையால் பிடிப்பவர்களுக்குச் சில கரையோரங்களை வலை இல்லாமல் ஒதுக்கிவைப்பதும் சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடியவை இல்லை. எந்தக் கரை என்று அந்தப் பெண்மணிக்குத் தெரியும், திருப்பாலைவனத் தேநீர்க் கடையில் பார்த்த பெரியவருக்கும் தெரியும். இருவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வேறு, அரசு ஊராட்சி வேறு. முன்னது ஏரியைப் பார்க்கும், பின்னது தெருவிளக்கையும் குடிநீர்க் குழாயையும் பார்க்கும். ஏரிக்காரர்கள் ஊராட்சியை மதிப்பதில்லை, ஊராட்சிக்கு ஏரி தன் வேலை என்று தோன்றுவதில்லை. வருடத்தில் ஆறு முறை கிராமசபை கூடுகிறது. நான் உட்கார்ந்து கேட்ட ஒரு கடலோர ஊராட்சிக் கூட்டத்தில் (ஊர் பெயர் வேண்டாம்) இரண்டரை மணி நேரமும் நூறு நாள் வேலையும் சாக்கடையும்தான் பேசினார்கள். அவையும் தேவைதான். ஆனால் அத்தனை பேருக்கும் சோறு போடும் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை.

அக்டோபர் 2 கிராமசபைக்கு மீஞ்சூர் ஒன்றியத்தின் ஏரிக்கரை ஊராட்சிகள் பொருள் நிரல் எழுதும்போது, பாட்டுப் பட்டியல் என்று முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். அன்று தண்ணீர் எத்தனை மணிக்கு வற்றும் என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தின் நேரத்தைக் குறியுங்கள். வற்றும் நேரத்தில் கூட்டம் வைத்தால் பறிக்காரப் பெண்கள் யாரும் வர மாட்டார்கள்.