அப்பாவின் ரிக்கார்டுகளுக்கு எந்தப் பெட்டி?

ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய ஓட்டு வீடு ஒன்று இடிபட்டு அடுக்குமாடி எழும்போதெல்லாம், அப்பா காலத்து ரிக்கார்டு பிளேயரை என்ன செய்வது என்ற பேச்சும் எழுகிறது. 'அந்தக் காலத்து ஒலி இனி வராது' என்பார்கள் சிலர். 'கைப்பேசியிலேயே எல்லாப் பாட்டும் இருக்கிறது, எடைக்குப் போடுங்கள்' என்பார்கள் மற்றவர்கள். இரு தரப்பும் அவசரப்படுவதாகவே எனக்குப் படுகிறது.

ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தீர்மானிக்க வேண்டியது அறைதான். உயர்ந்த கூரையும் தடித்த சுவரும் உள்ள பங்களாவில் 12 அங்குல ஸ்பீக்கர் கம்பீரமாக முழங்கும். அதையே டைல்ஸ் தரையும் கண்ணாடி ஜன்னலும் உள்ள பத்தடி அறையில் வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி குடத்துக்குள் தட்டியது போலக் கேட்கும். (கீழ்வீட்டுக்காரரும் மேலே வந்துவிடுவார்.) சிறிய, புதிய ஸ்பீக்கர் ஜோடி போதும். மிச்சப் பணத்தில் ஜமுக்காளமும் கனமான திரைச்சீலையும் வாங்கலாம்.

ஆம்ப்ளிஃபயரும் புதியதாகவே இருக்கட்டும். பழைய வால்வு செட்டில் மின்தேக்கிகள் உலர்ந்திருக்கும். அவற்றை மாற்றாமல் 230 வோல்ட்டில் சொருகுவது ஆபத்து. உதிரிபாகம் எஸ்.பி. ரோட்டில் தேடலாம், பழுது பார்க்கத் தெரிந்த கை கிடைப்பதுதான் கடினம். 1982-ல் வந்த குறுந்தட்டே, விநாடிக்கு 44,100 மாதிரிகளோடு, எல்.பி. தட்டில் உள்ள அத்தனை ஒலியையும் பிடித்துவிடக் கூடியது. இதில் ஏக்கத்துக்கு இடமில்லை.

ஆனால் வீட்டில் 78 சுழற்சித் தட்டுகள் இருந்தால் கதை வேறு. தமிழில் பேசும்படம் வந்தது 1931-ல், எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்தது 1933-ல். அவர் திரையில் தோன்றவே இல்லை. அந்தக் குரலை நமக்குக் காத்துத் தந்தவை இசைத்தட்டுகளே. அக்காலத்துத் தட்டுகள் எல்லாமே கணினிக்கு வந்துவிடவில்லை. வந்தவற்றிலும், இரைச்சலை நீக்கப் போய்த் தம்புராவின் ரீங்காரத்தையும் துடைத்தெறிந்த பதிப்புகள் உண்டு.

இங்கேதான் புதிய சுழல்மேடை பல சமயம் கைவிடுகிறது. பலவற்றில் 33, 45 வேகங்கள் மட்டுமே உண்டு. 78-க்கு முனை அகன்ற தனி ஊசி வேண்டும், எல்.பி. ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் இறங்கித் தூசியைத்தான் வாசிக்கும். பழைய சுழல்மேடை ஓடுகிற நிலையில் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ரப்பர் பெல்ட்டையும் ஊசியையும் மாற்றி, ஃபோனோ இணைப்புள்ள புதிய ஆம்ப்ளிஃபயரில் பொருத்துங்கள். ஸ்டீரியோ காலத்துக்கு முந்தைய தட்டுகளுக்கு மோனோ பொத்தானை அழுத்தினால் இரைச்சல் கணிசமாக அடங்கும்.

வீடு காலி செய்யும் முன் ஒவ்வொரு தட்டையும் ஒருமுறை ஓடவிட்டுக் கணினியில் பதிந்துகொள்ளுங்கள். பளபளக்க வேண்டுமென்று ஸ்பிரிட் தொட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள். 78 தட்டு அரக்கினால் ஆனது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.