அந்தச் சங்கிலி யாருடையது?

ஒரு நிமிஷம் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால், பஸ் போகாத ஒரு ஊரில் நீங்கள் இருக்கிறீர்கள். கூலி வேலை. 19 வயதில் ஒரு மகன். ப்ளஸ் டூ வரை ஒழுங்காகப் படித்தவன், ஆறு மாதமாகத் தூங்குவதில்லை. சுவரோடு பேசுகிறான். 'சோத்துல விஷம் வச்சிட்டீங்க' என்று தட்டை வீசுகிறான். ஒரு ராத்திரி காட்டுக்குள் போனவனை மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்தீர்கள்.

'டாக்டர்கிட்ட காட்டவேண்டியதுதானே?' என்பீர்கள். காட்டுங்கள். மெயின் ரோடு வரை நடை. அப்புறம் பஸ். மலை இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி. வரமாட்டேன் என்று திமிறுகிறவனைப் பிடித்துக்கொள்ளக் கூட இரண்டு ஆண்கள். மூன்று பேருக்கும் அன்றைய கூலி போச்சு. பஸ்ஸில் அவன் கத்த ஆரம்பித்தால் பாதி வழியில் இறங்கச் சொல்வார்கள். தனியாக ஜீப் பிடித்தால் பல நாள் கூலி காலி. இதையெல்லாம் ஒரு தடவை செய்தால் போதாது சார். மனச்சிதைவு நோய்க்குப் பெரும்பாலும் வருஷக் கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும்.

இரண்டு மாதம் போவீர்கள். மூன்றாவது மாதம் அறுப்பு வேலை வரும். மாத்திரை நிற்கும். நோய் திரும்பும். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால் பையன் எங்கே ஓடுவானோ தெரியாது. அப்போதுதான் மாடு கட்டுகிற சங்கிலி கண்ணில் படும்.

அடுத்து என்ன? யாராவது போட்டோ எடுப்பார்கள். 'பெற்ற மகனைச் சங்கிலியில் கட்டிய கொடூரத் தாய்!' நாம் காபி குடித்துக்கொண்டே, 'சே, இவங்கல்லாம் மனுஷங்களா?' என்போம்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். நாடே பதறியது. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது. அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது பெற்றவர்களும் உறவினர்களும்தான். அதற்கு முந்தைய நாள் வரை அந்தக் குடும்பங்கள் எத்தனை வாசலில் ஏறி இறங்கின என்று நாம் கேட்டோமா?

22 வருஷம் கழித்து, 2023 பிப்ரவரியில், பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தின் குண்டலப்புலியூரில் இன்னொரு ஆசிரமம் செய்தியில் வந்தது. மனநலம் பாதிக்கப்பட்டவர்களை அடித்தார்கள், சிலரைக் காணவில்லை என்றெல்லாம் புகார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி. வரை போனது. கைவிடப்பட்டவர்களுக்கு அரசு கதவைத் திறக்காத இடத்தில் இப்படித்தான் யாரோ போர்டு மாட்டிவிடுகிறார்கள்.

சட்டம் இல்லையா? பிரமாதமாக இருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது. முதல் வரியை வைத்துத் தாயை மிரட்டத் தெரிந்த நமக்கு, இரண்டாவது வரியை வைத்து அரசாங்கத்தைக் கேட்கத் தெரியவில்லை.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலப் பிரச்னை உள்ளவர்களில் 70 முதல் 92 சதவிகிதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. தமிழ்நாடும் சேர்த்து 12 மாநிலங்களில் எடுத்த கணக்கு இது. இத்தனை பேரின் அப்பா அம்மாவும் கொடூரர்களா என்ன?

தாயைக் குற்றவாளியாக்குவது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் 1948-ல், 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்று ஒரு டாக்டரே பட்டம் சூட்டினார். பல வருஷம் அதை மருத்துவ உலகமும் நம்பியது. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதைக் குப்பையில் போட்டன. நாம் இன்னும் பொறுக்கி எடுத்து, 'வளர்ப்பு சரியில்ல' என்கிறோம். 'ஒரு கல்யாணம் பண்ணிவச்சா சரியாயிடும்' என்கிறோம். வேண்டாம் சாமி! நோயை மறைத்துக் கல்யாணம் செய்தால், இன்னொரு வீட்டுப் பெண்ணும் சேர்ந்து அழுவாள்.

பெற்றவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அக்கம்பக்கத்துக்குப் பயந்து பிள்ளையை அறைக்குள் பூட்டுகிறவர்கள் நகரத்து ஃபிளாட்டுகளிலும் உண்டு. கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதையும் நான் தடுக்கவில்லை. தாராளமாகப் போங்கள், மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை அது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. சந்தோஷம். மலைமேல் இருப்பவருக்கு அந்தக் கட்டடத்தால் என்ன பயன் என்பதுதான் கேள்வி. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடிப் போகின்றன. நல்ல காரியம். மலைக்கிராமத்தில் மனச்சிதைவுக்கான மாத்திரை அட்டையையும் தவறாமல் அதே பையில் வையுங்கள். சிலருக்கு மாதம் ஒரு ஊசி போதும்; அதை வெள்ளிமலையிலேயே போடுங்கள். மனநல டாக்டர் மாதம் ஒரு நாள் மலை ஏறட்டும். ஒரு டாக்டர் ஏறினால், நூறு நோயாளிகள் இறங்க வேண்டியதில்லை.

இன்னொன்று. 'எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பா?' என்று கேட்காத பெற்றோர் இல்லை. 1999-ம் வருஷத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படி காப்பாளர் நியமிக்க வழி இருக்கிறது. அந்தப் பட்டியலில் மனச்சிதைவு இல்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். எப்போதும் ஜன்னல் சாத்தியிருக்கும். அந்தம்மா கல்யாணம் காட்சிக்கு வரமாட்டார். ஒரு நாள் போய்க் கதவைத் தட்டுங்கள். 'ரெண்டு மணி நேரம் நான் பாத்துக்கிறேன், நீங்க கொஞ்சம் தூங்குங்க' என்று சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எழுதிக்கொடுங்கள். பைசா செலவில்லாமல் பேசலாம்.

இதைக்கூடச் செய்ய முடியாதென்றால், அடுத்த தடவை சங்கிலிப் படம் வரும்போது தயவுசெய்து 'சே' கொட்டாதீர்கள்.