எண்களுக்கு நாக்கில்லை

மது ரசனை குறித்துத் தமிழில் பேசப்படும்போது இரண்டு குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. முதலாவது, மதிப்பெண் பட்டியலோடு வருகிற குரல். இந்தப் பரோலோ 100க்கு 97 வாங்கியது, அந்த ஷாம்பெய்ன் 94தான் வாங்கியது, ஆகவே முன்னதே உயர்ந்தது என்று அது தீர்ப்பளிக்கிறது. இரண்டாவது, எல்லாமே பித்தலாட்டம் என்று கைகொட்டிச் சிரிக்கிற குரல். கண்ணைக் கட்டிவிட்டால் எந்த நிபுணனுக்கும் சிவப்பு ஒயின் எது, வெள்ளை ஒயின் எது என்று தெரியாது, பணக்காரர்கள் விலையைத்தான் குடிக்கிறார்கள் என்பது இதன் வாதம். ஒன்றையொன்று எதிர்ப்பனபோலத் தோன்றினாலும் இவ்விரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்பவை என்பதே என் தரப்பு. சுவை என்பது பயின்று அடையத்தக்க ஓர் அறிவு என்பதை இரண்டுமே மறுக்கின்றன. முதலாவது அந்த அறிவை ஓர் எண்ணிடம் ஒப்படைத்துவிடுகிறது. இரண்டாவது அப்படியோர் அறிவே கிடையாது என்று சொல்லிப் பயிற்சியின் உழைப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறது.

இலக்கிய வாசகனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். இதே இரண்டு குரல்களை நாம் நம்முடைய துறையில் நன்றாகவே அறிவோம். சிறந்த 10 நாவல்கள், சிறந்த 100 சிறுகதைகள் என்று வரிசை எண் போடுகிறவர் ஒருபுறம். ரசனை என்று ஒன்று இல்லவே இல்லை, அது மேட்டிமையின் முகமூடி என்று மறுக்கிறவர் மறுபுறம். நடுவில் ஒரு நூலை மெய்யாகவே வாசித்தவன் வாயடைத்து நிற்கிறான். ஆகவே முதிர்ந்த இத்தாலியச் சிவப்பு ஒயினையும் ஷாம்பெய்னையும் முன்வைத்துப் பேசினாலும், நான் பேசுவது அவற்றைப் பற்றி மட்டுமே அன்று.

முதலில் சிரிப்பவர்களைப் பார்ப்போம். அவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது 2001இல் வெளியான போர்தோ ஆய்வை. ஃப்ரெதெரிக் ப்ரோஷேயும் அவரது சக ஆய்வாளர்களும் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். சரி, இதிலிருந்து பெறப்படுவது என்ன? பங்கேற்ற 54 பேரும் ஒயினியல் பயின்றுகொண்டிருந்த மாணவர்கள். பல்லாண்டுப் பயிற்சி கொண்ட சுவைஞர்கள் அல்லர். அதைவிட முக்கியமானது, அந்த ஆய்வு காட்டியது கண் மூக்கை ஆள்கிறது என்பதைத்தானே தவிர, மூக்கு என்று ஒன்றில்லை என்பதை அன்று. அட்டையில் உள்ள பெயரைப் பார்த்துவிட்டுக் கவிதையைப் புகழ்கிற வாசகன் இருக்கிறான் என்பதால் கவிதை பொய்யாகிவிடுமா? கண் ஏமாற்றும் என்று தெரிந்துகொண்டவன் கண்ணை மறைத்துவிட்டுச் சுவைக்கப் பழகுகிறான். புட்டியைத் துணியால் மூடிவைத்துச் சுவைக்கும் வழக்கம் அந்த ஆய்வுக்கு வெகுகாலம் முந்தியது. தன் பலவீனத்தை அறிந்து அதற்கு எதிராக ஒரு முறைமையை உண்டாக்கிக்கொண்ட துறையைப் பித்தலாட்டம் என்பது நியாயமன்று.

இனி எண்காரர்கள். 100 மதிப்பெண் முறையை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்க விமரிசகர் ராபர்ட் பார்க்கர். 1978இல் தன் பத்திரிகையைத் தொடங்கிய அவர் 2019இல் ஓய்வு பெற்றார். விளம்பரதாரர் தயவில் இயங்கிய ஒயின் எழுத்துக்கு எதிராக, நுகர்வோன் பக்கம் நின்று அவர் தொடங்கிய முயற்சி அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. அது ஒரு கணத்தின் தீர்ப்பு. நாம் பேசும் ஒயின்களோ காலத்தில் மட்டுமே விரிபவை.

வட இத்தாலியில், பீட்மாண்டின் லாங்கே குன்றுகளில் விளைகிற நெபியோலோ திராட்சையை எடுத்துக்கொள்வோம். பரோலோ முழுக்க இந்த ஒரே திராட்சையில் செய்யப்படுவது. சட்டப்படி 38 மாதங்கள் முதிர்ந்த பிறகே அது வெளிவரலாம்; அதில் 18 மாதங்கள் மரத்தில் இருக்க வேண்டும். ரிசர்வா என்றால் 62 மாதங்கள். இவ்வளவு காத்திருந்த பிறகும் இளம் பரோலோ வாயைக் கட்டிப்போடும். கடுக்காயைக் கடித்ததுபோன்ற துவர்ப்பு, அதோடு கூரிய புளிப்பு. நிறமும் ஏமாற்றக்கூடியது. மற்றச் சிவப்பு ஒயின்கள் கருத்து அடர்ந்திருக்க, இது இளமையிலேயே வெளிறி, விளிம்பில் செங்கல் நிறம் காட்டத் தொடங்கிவிடும். ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்புப் பொருட்கள் ஒன்றோடொன்றும் நிறப்பொருட்களோடும் பிணைந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்குகிறது. துவர்ப்பு இளகுகிறது. பழத்தின் மணம் பின்வாங்கி, காய்ந்த ரோஜாவும் தாரும் புகையிலையும் ஈரமண்ணும் மேலெழுகின்றன. வெளிவந்த மாதத்தில் அதற்கு இடப்பட்ட எண் இவற்றில் எதைச் சொல்லும்? பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு ஒருவரின் அறுபதாம் வயதை மதிப்பிடுவது போன்றதுதான் அது.

எண் தீங்கற்ற வேடிக்கையுமன்று. அது ஒயினையே மாற்றியது. 1980களிலும் 90களிலும் லாங்கேயில் நடந்த, 'பரோலோ போர்' என்றே பெயர் பெற்றுவிட்ட பூசலை இங்கே நினைவுகூர வேண்டும். 1983இல் எலியோ அல்தாரே என்ற இளைஞர், பர்கண்டியில் கண்டவற்றால் உந்தப்பட்டு, தந்தையின் பழைய பெரும்பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்தெறிந்தார். தந்தை அவருக்குச் சொத்தில் பங்கில்லை என்றாக்கினார். அல்தாரேயும் அவரது நண்பர்களும் 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களைக் கொண்டுவந்தார்கள், திராட்சைத் தோலோடு ஊறவைக்கும் நாட்களைக் குறைத்தார்கள். விரைவில் குடிக்கத்தக்க, மென்மையான, வனிலா மணம் கமழும் பரோலோ பிறந்தது. அமெரிக்கச் சந்தையும் மதிப்பெண்களும் அதை வாரி அணைத்துக்கொண்டன. மறுபுறம் பார்த்தோலோ மஸ்கரெல்லோ என்ற முதியவர், பெரும்பீப்பாயும் நீண்ட ஊறலுமே பரோலோ என்று அசையாமல் நின்றார். 'சிறு பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று தன் கையால் எழுதி வரைந்த சீட்டைப் புட்டிகளில் ஒட்டினார். 2005இல் அவர் இறந்தார்.

அல்தாரேயை வில்லனாக்குவது எளிது. நான் அதைச் செய்ய மாட்டேன். லாங்கேயின் அன்றைய வறுமை எத்தகையது என்பதை அறிய பெப்பே ஃபெனோலியோவின் 'லா மலோரா' என்ற 1954ஆம் ஆண்டுக் குறுநாவலை வாசித்தாலே போதும். அதை எழுதியவரும் ஆல்பாவில் ஒரு ஒயின் நிறுவனத்தில் பணியாற்றிப் பிழைத்தவர்தான். குன்றுகளை விட்டு மக்கள் தூரின் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த நிலத்தில், விலைபோகிற ஒயினைச் செய்ய வேண்டும் என்று ஒரு மகன் துடித்ததில் நியாயம் உண்டு. பழைய பீப்பாய்கள் பலவும் அசுத்தமாக இருந்தன என்பதும் உண்மை. இருதரப்பிலும் உயிரைப் பணயம் வைத்ததுபோன்ற தீவிரம் இருந்தது. தந்தையும் மகனும் பிரிகிற அளவுக்கு ஒரு சுவை பற்றிய விவாதம் கனம் கொண்டிருந்தது. இந்த வழக்கைத் தீர்க்கத்தக்க நீதிபதி காலம் மட்டுமே. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் புட்டிகள் திறக்கப்பட்டபோதுதான் எது நின்றது, எதில் மரம் பழத்தை விழுங்கிவிட்டது என்று பேச முடிந்தது. இன்று பெரும்பீப்பாய்கள் பரவலாகத் திரும்பிவிட்டன. புதியவர்கள் வலியுறுத்திய சுத்தமும் தோட்டப் பராமரிப்பும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. எண்கள் இதில் செய்ததெல்லாம் விவாதம் முடியும் முன்பே வெற்றியாளரை அறிவித்ததுதான்.

இதற்காக, பழையது என்றாலே உயர்ந்தது என்று நான் வாதிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். உலகில் செய்யப்படும் ஒயின்களில் மிகப் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் குடித்துவிட வேண்டியவை. வைத்திருந்தால் வீணாகும். முதிரத்தக்க ஒயினும் மோசமான தக்கையாலோ வெப்பமான அறையாலோ கெட்டுப்போகக்கூடும். வயதை மட்டும் வணங்குகிறவனை ஏமாற்றுவதும் எளிது. அரிய பழம் ஒயின்கள் என்று சொல்லித் தன் வீட்டிலேயே கலந்து விற்ற ரூடி குர்னியவான் 2013இல் அமெரிக்காவில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, மறு ஆண்டு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 2020இல் இத்தாலிய நிதிக்காவல் படை போலி சஸ்ஸிகாயா புட்டிகளைக் கைப்பற்றியது. சீட்டையும் ஆண்டையும் குடிப்பவர்கள் இருக்கும்வரை சீட்டையும் ஆண்டையும் அச்சடிப்பவர்களும் இருப்பார்கள்.

ஷாம்பெய்னின் நிலைமை இன்னும் பரிதாபம். அதை ஒயின் என்றே பலர் கருதுவதில்லை. பந்தய மேடையில் பீய்ச்சுவதற்கும் திருமணத்தில் சத்தத்தோடு திறப்பதற்குமான பொருளாகிவிட்டது. புட்டிக்குள் நிகழும் இரண்டாம் நொதித்தலில்தான் குமிழ்கள் உண்டாகின்றன. அதன்பின் இறந்த ஈஸ்ட் படிவின்மேல் ஒயின் கிடக்கிறது. ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெய்ன் குறைந்தது 15 மாதங்களும், ஆண்டு குறிப்பிட்டது 3 ஆண்டுகளும் நிலவறையில் இருந்தாக வேண்டும். நல்லவை அதைக் காட்டிலும் மிக நீண்ட காலம் கிடக்கின்றன. ஈஸ்ட் மெல்லச் சிதைந்துதான் அந்த ரொட்டி மணமும் வறுத்த கொட்டைகளின் மணமும் வருகின்றன. இவற்றையெல்லாம் உறைகுளிரில் வைத்து, குறுகிய நீள்கோப்பையில் ஊற்றி, மூக்கை எட்டவிடாமல் செய்துவிட்டு, 'வெறும் குமிழ்' என்று சொன்னால் பிழை யாருடையது?

2010இல் பால்டிக் கடலில் ஓலாந்து தீவுகளுக்கருகே ஒரு கப்பல் சிதைவிலிருந்து 168 புட்டிகள் எடுக்கப்பட்டன. ஏறத்தாழ 170 ஆண்டுகள் கடலடியில் கிடந்த ஷாம்பெய்ன் அது. 2015இல் வெளியான ஆய்வின்படி அதில் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை இருந்தது. இன்றைய ப்ரூட் வகையில் 12 கிராமுக்கும் குறைவு. சுவைத்த வல்லுநர்கள் முதலில் சொன்னவை நனைந்த மயிர், விலங்கு வாடை போன்ற சொற்கள். கோப்பையைச் சுழற்றிக் காற்றுப்பட விட்டபின் புகை, தோல், மசாலா, அதன் பின் பழமும் பூவும். முதல் முகர்விலேயே எண் போட்டிருந்தால் அது தேறியிராது. பொறுத்தவர்களுக்கு அது பேசியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரசனை என்ற பெயரில் நாம் நம்பும் கதைகளில் பாதி விளம்பரம். துறவி டோம் பெரின்யோன் குமிழ் ஒயினைக் கண்டுபிடித்தார் என்பது அவற்றில் ஒன்று. 1668 முதல் 1715இல் இறக்கும்வரை ஓவில்லே மடத்தின் நிலவறைப் பொறுப்பாளராக இருந்த அவர், தேவையற்ற மறுநொதித்தலைத் தடுக்கப் பாடுபட்டவர். சர்க்கரை சேர்த்து ஒயினைக் குமிழ்விடச் செய்வது பற்றி கிறிஸ்டோபர் மெரெட் லண்டனில் எழுதி வாசித்தது 1662இல். துறவியின் கதை விற்றது. விளைவித்தவர்களின் கதை விற்கவில்லை. வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெய்ன் என்று விற்ற வணிகர்களுக்கு எதிராக 1911இல் விவசாயிகள் கலகம் செய்தார்கள். நிலவறைகள் உடைக்கப்பட்டன, படை வந்தது. அது பழங்கதை என்பீர்கள். 2023 அறுவடையின்போது கடும் வெப்பத்தில் தொழிலாளர்கள் சிலர் இறந்தனர். அதே அறுவடையில் 50க்கும் மேற்பட்ட புலம்பெயர் தொழிலாளர்களை இழிவான இருப்பிடத்தில் அடைத்து வேலை வாங்கியதற்காக, 2025இல் ஷாலோன் நீதிமன்றம் ஆள்கடத்தல் குற்றத்தில் மூவரைத் தண்டித்தது. 100க்கு 100 வாங்கிய புட்டியிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை. மண்ணைச் சுவைக்கிறேன் என்று பெருமைப்படுபவன், அந்த மண்ணில் குனிந்து நின்றவனைப் பற்றிக் கேட்காமலிருந்தால் அவன் சுவைப்பது மண்ணை அன்று.

நம் மொழிக்கு வருகிறேன். தமிழில் எழுதப்படும் ஒயின் குறிப்புகள் பலவும் ஆங்கிலச் சொற்பட்டியலின் நகல்கள். கருந்திராட்சைப் புதர்ப்பழத்தையும் வயலட் பூவையும் வாழ்நாளில் முகர்ந்திராதவர் அவற்றை வரிசைப்படுத்துகிறார். இத்தனைக்கும், மேற்கத்திய மரபு சுவைகளின் கணக்கில் சேர்க்காமல் தொடுவுணர்ச்சியாக ஒதுக்குகிற துவர்ப்பை, அறுசுவையில் ஒன்றாகவே வைத்த மரபு நம்முடையது. நெபியோலோவைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? அதன் துவர்ப்பு வாழைப்பூவினுடையதா, மாதுளைத் தோலினுடையதா, நெல்லிக்காயைப்போல முடிவில் இனிப்பை விட்டுச்செல்வதா என்று பிரித்துச் சொல்ல நம்மால் முடியும். யவனர் மரக்கலங்களில் கொண்டுவந்த மணமிக்க மதுவை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். மூங்கில் குழாயில் முதிரவைத்த கள்ளையும் சங்கப் பாடல்கள் அறியும். மணத்தையும் முதிர்வையும் கவனித்த மொழி இரவல் பட்டியலில் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு பேராசிரியன் மதுவைப் பற்றி எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்களுக்கும் பதில் உண்டு. மது உடலுக்குக் கேடு. பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு தெளிவாகவே சொல்லியிருக்கிறது. யாரையும் குடிக்கச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் போதைக்குக் குடிப்பவன் அளவைப் பார்க்கிறான், சுவைஞன் வேறுபாட்டைப் பார்க்கிறான். தொழில்முறைச் சுவைஞர்கள் சுவைத்ததைத் துப்பிவிடுகிறார்கள் என்பதே இதற்குச் சான்று.

ஆக, வாய்ப்புள்ளவர்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். ஆறு பேர் கூடி ஒரு புட்டியைப் பகிருங்கள். சீட்டை மறையுங்கள். பரோலோ என்றால் 16 முதல் 18 டிகிரியில், வண்டல் கலங்காமல் வடித்தெடுங்கள். முதிர்ந்த ஷாம்பெய்ன் என்றால் 10 முதல் 12 டிகிரியில், அகன்ற வாயுள்ள கோப்பையில் ஊற்றுங்கள். முகர்ந்தவுடன் எதுவும் சொல்லாதீர்கள். அரைமணி நேரம் கழித்து மீண்டும் முகருங்கள். என்ன மாறியது என்பதை உங்கள் வீட்டில் புழங்கும் சொற்களில் எழுதிவையுங்கள். பிறகு, விருப்பமிருந்தால், விமரிசகர் போட்ட எண்ணைப் பாருங்கள். நீங்கள் எழுதிய ஒரு வரியைக்கூட அது உங்களுக்குச் சொல்லியிராது.