கூடுதல் நேரம் சலுகையா?

எஸ்பிஎம் தேர்வில் பார்வை குறைந்த மாணவருக்குப் பெரிய எழுத்தில் வினாத்தாள் தரப்படுகிறது. டிஸ்லெக்சியா உள்ளவர் கூடுதல் நேரத்துக்கு விண்ணப்பிக்கலாம். இவற்றையெல்லாம் ‘சலுகை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பதுதான் சலுகை. நம் நாட்டுச் சட்டமோ வேறு மாதிரி பேசுகிறது.

2008-ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டம், அதாவது சட்டம் 685, அதே ஆண்டு ஜூலை 7-இல் அமலுக்கு வந்தது. உடற்பேறு குறைந்த பிள்ளையை அந்தக் காரணத்துக்காகப் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது அதன் 28-ஆவது பிரிவு. கட்டட வசதி, கருவிகள், பாடநூல், கற்பிக்கும் முறை, பாடத்திட்டம் என அந்தப் பிள்ளைக்குத் தேவையான நியாயமான மாற்றங்களை அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் செய்து தர வேண்டும் என்றும் சொல்கிறது. ‘தரலாம்’ என்று இல்லை, ‘தர வேண்டும்’ என்றுதான் இருக்கிறது.

சரி, தராவிட்டால்? இந்த இடத்தில்தான் சட்டம் மௌனமாகிவிடுகிறது. 28-ஆவது பிரிவை மீறும் பள்ளிக்கு எந்தத் தண்டனையும் எழுதப்படவில்லை. நல்லெண்ணத்தோடு செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடர முடியாது என்று 41-ஆவது பிரிவு பாதுகாப்பும் கொடுக்கிறது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆவது விதி சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் ‘பாலினம்’ 2001-இல்தான் சேர்க்கப்பட்டது. உடற்குறை இன்றுவரை இடம்பெறவில்லை.

இன்னொரு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2003 முதல் ஆரம்பக்கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பிள்ளையை அனுப்பாத தாய்க்குத் தண்டனை உண்டு. அனுப்பிய பிள்ளைக்குச் சாய்தளம் கட்டித் தராத பள்ளிக்கு ஒன்றும் இல்லை!

2019-இல் கல்வியமைச்சு கொண்டுவந்த ‘எவரையும் நிராகரிக்காத’ கொள்கை நல்ல மாற்றம்தான். அதற்கு முன்பு ‘எங்களிடம் வசதியில்லை’ என்ற ஒரே வரியோடு திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் இன்று பள்ளியில் பெயர் பதிகிறார்கள். ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு. கொள்கையைக் காட்டி நீதிமன்றத்தில் நிற்பது கடினம். மேலும், 2013-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளில் மூன்று மாதம் வரையிலான சோதனைக் காலம் ஒன்று இருக்கிறது. பிள்ளை அந்தப் பள்ளிக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காகவாம். பள்ளி பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று யார் சோதிக்கிறார்கள்?

எங்கள் பாலிக் புலாவிலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் கனமாகத் தெரியும். மலைத்தொடரின் இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் ஜோர்ஜ்டவுன். பினாங்கின் பழைய சிறப்புப் பள்ளிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு பினாங்குக்கு வந்த பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கோலஸ் இல்லம் நகர்ப்புறத்தில் இருக்கிறது. 1954-இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி தஞ்சோங் பூங்காவில். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பிள்ளையை நாள்தோறும் துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் ஏற்றி இறக்க எத்தனை குடும்பங்களால் முடியும்? சிறப்புக் கல்வி மாணவருக்கு அரசு தரும் மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை பெட்ரோலுக்கே சரியாகிவிடும். ஆகவே அருகிலுள்ள சாதாரணப் பள்ளி தன்னை மாற்றிக்கொள்வதுதான் இங்குள்ள பிள்ளைக்கு உண்மையான கல்வி உரிமை.

நான் படித்த இடைநிலைப்பள்ளியில், ஊன்றுகோலோடு நடக்கும் நண்பர் ஒருவர் இருந்தார். கணிதத்தில் கெட்டிக்காரர். அறிவியல்கூடம் இரண்டாவது மாடியில் இருந்தது, மின்தூக்கி கிடையாது. நான்காம் படிவத்தில் அவர் கணக்கியல் எடுத்தார். யாரும் அவரை அறிவியல் எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. யாரும் வகுப்பைக் கீழே மாற்றலாம் என்றும் சொல்லவில்லை. இதில் பாகுபாடு காட்டியவர் என்று யாரைச் சுட்டுவது? படிக்கட்டையா?

தமிழ்ப்பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இல்லை. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த, கற்றலில் சிரமப்படும் ஏழு வயதுப் பிள்ளை வேறு மொழிப் பள்ளிக்குப் போகும்போது அதற்கு இரட்டைச் சுமை. தமிழ்ப்பள்ளிகளுக்காகக் குரல் கொடுக்கும் நம் சங்கங்கள் கட்டடத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், நியாயமான மாற்றத்தை மறுப்பதே பாகுபாடு என்று வரையறுத்து, மீறலுக்கு அபராதமும் வைத்தது. அதன் பலன் 2021-இல் தெரிந்தது. நீட் தேர்வில் எழுதுவதில் சிரமம் உள்ள மாணவிக்குச் சேர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையம் மறுத்தது. மறுதேர்வு நடத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிடவில்லை என்றாலும், அந்த அநீதியை எப்படிச் சரிசெய்வது என்று தேர்வு முகமை ஒரு வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் 1973 முதல் இத்தகைய சட்டம் உண்டு. பெற்றோர் செலவில்லாமல் புகார் கொடுக்கக் கல்வித்துறையில் தனி அலுவலகமும் உண்டு. ஆனால் 2025 மார்ச்சில் அதன் 12 வட்டார அலுவலகங்களில் 7 மூடப்பட்டன. சட்டப் புத்தகம் அப்படியே இருக்கிறது. புகாரை விசாரிக்கும் ஆட்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் வழி முழுவதும் அடைபட்டுவிடவில்லை. சபா, கோத்தா பெலுட்டில் ஆசிரியர் மாதக்கணக்கில் வகுப்புக்கு வராததை எதிர்த்து முன்னாள் மாணவி ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். அவருடைய கல்வி உரிமை மீறப்பட்டது என்று 2023 ஜூலையில் கோத்தா கினபாலு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, 150,000 ரிங்கிட் இழப்பீடும் வழங்கியது. அது உடற்பேறு பற்றிய வழக்கல்ல. ஆனாலும் கல்விச் சட்டத்தையும் அரசமைப்பையும் பிடித்துக்கொண்டு ஒரு மாணவரால் அரசை எதிர்த்து வெல்ல முடியும் என்று அது காட்டிவிட்டது. சட்டம் 685-ஐத் திருத்த வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்தத் திருத்தத்தில் தண்டனைப் பிரிவும் சுயேச்சையான புகார் மன்றமும் இருக்கின்றனவா என்பதைத்தான் நாம் முதலில் தேட வேண்டும்.

அதுவரை, உங்களுக்கோ உங்கள் தம்பி தங்கைக்கோ வசதி தேவைப்பட்டால் வாய்மொழியாகக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். 28-ஆவது பிரிவைக் குறிப்பிட்டுப் பள்ளிக்குக் கடிதம் எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நகல் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகட்டும். பிறகு சுஹாகாமிடம் புகார் கொடுக்கலாம். எஸ்பிஎம் எழுதுபவர்கள் மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு அறைக்குள் போய்க் கேட்டால் கண்காணிப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது.